தம்பி வசனம் காட்டுகிறார், கடனைத் திருப்பித் தரவில்லை

தூத்துக்குடி மாவட்டத்திலிருந்து ஒரு வாசகி நீளமான கடிதம் அனுப்பியிருக்கிறார். ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை விட்டுவிட்டு விஷயத்தை மட்டும் சொல்கிறேன். கணவர் இறந்த பிறகு கைக்கு வந்த பணத்தில் 4 லட்சத்தைச் சித்தப்பா மகனுக்கு ஹார்டுவேர் கடை வைக்கக் கடனாகக் கொடுத்திருக்கிறார். 6 வருடம் ஆகிறது. புரோநோட்டு உண்டு. இரண்டு வட்டி. முதல் 4 வருடம் வட்டி ஒழுங்காக வந்தது. ஒவ்வொரு வருடமும் நோட்டின் பின்பக்கம் வரவு எழுதி, தம்பி கையெழுத்துப் போட்டிருக்கிறார். பிறகு நின்றுவிட்டது. கடை நன்றாக ஓடுகிறது, வீட்டுக்கு மாடியும் எழும்பிவிட்டது.

பணத்தைக் கேட்டால் தம்பி வேதாகமத்தைத் திறக்கிறாராம். "சகோதரனிடம் வட்டி வாங்கக் கூடாது என்று எழுதியிருக்கிறது. நீங்கள் இதுவரை வாங்கியதே பாவம். அடுத்த வருடம் ஏழாம் வருடம், அதோடு கடனும் விடுதலை" என்கிறார். வாசகியின் அண்ணனோ, "அந்நியனிடம் வட்டி வாங்கலாம் என்றும் அதே வேதத்தில்தான் இருக்கிறது. அவன் சபை மாறிப் போனவன், நமக்கு அந்நியன்தான். விடாதே" என்கிறார். ஜெபக்குழுவை நடத்துபவர் மூன்றாவதாக ஒரு காரணம் கண்டுபிடித்திருக்கிறார்: வந்த வட்டிக்குத் தசமபாகம் (பத்தில் ஒரு பங்கு காணிக்கை) கொடுக்காததால்தான் அசல் மாட்டிக்கொண்டதாம். வாசகி கேட்பது இதுதான்: "அந்தக் காலத்து இஸ்ரவேலர் நிஜமாகவே வட்டி இல்லாமல், ஏழு வருடத்துக்கு ஒருமுறை கடனை விட்டுக்கொடுத்து வாழ்ந்தார்களா? நாம்தான் கெட்டுப்போனோமா? நான் பணத்தைக் கேட்பது பாவமா? கோர்ட்டுக்குப் போனால் கிடைக்குமா?"

அம்மா, நான் வழக்கறிஞர், போதகர் இல்லை. எது பாவம் என்று தீர்ப்புச் சொல்வது என் வேலை இல்லை. ஆனால் உங்கள் வீட்டைச் சுற்றி மூன்று பேர் கையில் எடுத்திருப்பது ஒரு பழைய சட்டத் தொகுப்பு. எந்தச் சட்டத்தையும் யாருடைய எந்தக் கஷ்டத்துக்காக எழுதினார்கள் என்று பார்த்துவிட்டுத்தான் அதன் வரிக்குப் போக வேண்டும். இவர்கள் மூவரும் நேரே வரிக்குப் போயிருக்கிறார்கள், அதிலும் தங்களுக்கு வசதியான பாதிக்கு.

அங்கே கடன் என்றால் என்ன

எருசலேமையும் சமாரியாவையும் சுற்றியிருப்பது மலைநாடு. நைல் நதியோ யூப்ரடீஸோ அங்கே பாயவில்லை. மழை பெய்தால் கோதுமை, வாற்கோதுமை, திராட்சை, ஒலிவம். பெய்யாவிட்டால் விதைநெல்லுக்குச் சமமான விதைத் தானியத்தையே தின்ன வேண்டிய நிலை. ஒரு குடும்பம் கடன் வாங்கியது பெரும்பாலும் அடுத்த அறுவடை வரை உயிரோடு இருக்கத்தான். கடை வைக்க முதல் போடுவது என்ற எண்ணம் அந்த வசனங்களில் அநேகமாகக் கிடையாது. நாணயப் புழக்கமும் இல்லை, வெள்ளியை எடைக்கல் வைத்து நிறுத்துக் கொடுத்தார்கள். சேக்கல் என்பது முதலில் ஒரு எடை. யூதேயாவில் தோண்டியெடுத்த சேக்கல் கற்கள் சுமார் 11 கிராம் இருக்கின்றன. யூதேயாவின் பெயர் பொறித்த சிறு வெள்ளிக் காசுகள் வந்தது கி.மு. 4ஆம் நூற்றாண்டில்தான்.

பக்கத்து நாடான பாபிலோனில் ஹம்முராபி ராஜாவின் சட்டப்படி வெள்ளிக்கு வருடம் 20 சதவீதமும் தானியத்துக்கு மூன்றில் ஒரு பங்கும் வட்டி. (நீங்கள் வாங்கிய இரண்டு வட்டி வருடத்துக்கு 24 சதவீதம் ஆகிறது. ஹம்முராபியின் வெள்ளி வட்டியைவிட அதிகம், கோபித்துக்கொள்ளாதீர்கள்.) இரண்டு பஞ்சம் அடுத்தடுத்து வந்தால் இந்தக் கணக்கில் எந்தச் சிறு விவசாயியும் மீள முடியாது. முதலில் நிலம் போகும், பிறகு பிள்ளைகள், கடைசியில் அவனே அடிமை. 2 இராஜாக்கள் 4ஆம் அதிகாரத்தில் தீர்க்கதரிசி எலிசாவிடம் ஓடிவரும் விதவையை உங்களுக்குத் தெரிந்திருக்கும். கடன் கொடுத்தவன் அவளுடைய இரண்டு மகன்களையும் அடிமைகளாக்க வந்து நிற்கிறான். எண்ணெய் பெருகிய அற்புதத்தை எல்லாரும் பிரசங்கிக்கிறார்கள். அந்த எண்ணெயை விற்று முதலில் கடனை அடைக்கச் சொல்லுகிறார் எலிசா என்பதை உங்கள் தம்பியும் ஒருமுறை வாசிக்கலாம்.

இந்தச் சுழலை நிறுத்துவதற்குத்தான் அந்தச் சட்டங்கள். பாபிலோனிலும் கடன் தள்ளுபடி உண்டு. ஆனால் ராஜா பட்டத்துக்கு வரும்போதோ அவருக்குத் தோன்றும்போதோ ஆணை போடுவார். இஸ்ரவேலின் சட்டம் அந்த அதிகாரத்தை ராஜாவின் கையிலிருந்து எடுத்து நாள்காட்டியில் வைத்துவிட்டது. காரணமாகச் சொன்னது இரண்டு: "தேசம் என்னுடையது" என்று கடவுள் சொல்வதாக லேவியராகமம் 25இல் வருகிறது, அதனால் குடியானவனின் நிலத்தை நிரந்தரமாக விற்க முடியாது. இன்னொன்று, நீங்களே எகிப்தில் அடிமைகளாக இருந்தவர்கள். மதம் ஒரு பக்கம், பொருளாதாரம் ஒரு பக்கம் என்று அவர்கள் பிரித்து வைக்கவில்லை. 50ஆம் வருடமான யூபிலி வருஷத்தில் நிலம் பழைய சொந்தக்காரனுக்கே திரும்புவதால், நிலத்தின் விலையையே அடுத்த யூபிலி வரை எத்தனை அறுவடை மிச்சம் என்று எண்ணித்தான் போடச் சொல்கிறது அதே அதிகாரம். விற்பதாகத் தெரிந்தாலும் கணக்குப்படி அது குத்தகை.

அடகு பற்றிய விதிகளைப் பாருங்கள், இன்னும் நுணுக்கம். ஏழையின் மேல்வஸ்திரத்தை ஈடாக வாங்கினால் சூரியன் மறையுமுன் திருப்பிக் கொடுக்க வேண்டும், இரவில் போர்த்திக்கொள்ள அவனுக்கு வேறு இல்லை. மாவரைக்கும் திரிகைக் கல்லை ஈடாக வாங்கக் கூடாது. அடகுப் பொருளை எடுக்க அவன் வீட்டுக்குள் நுழையக் கூடாது, வெளியே நிற்க வேண்டும், அவனே கொண்டுவந்து தருவான். விதவையின் வஸ்திரத்தை ஈடாக எடுக்கவே கூடாது. நம் ஊர் வசூல்காரர்கள் வாசலில் நின்று கத்துவதை நினைத்துக்கொண்டு உபாகமம் 24ஐ வாசித்தால் அதன் அருமை புரியும்.

தம்பி சொல்வதில் எவ்வளவு சரி

வட்டி விஷயத்தில் அவர் பக்கம் வசனம் இருக்கிறது, மறைக்க வேண்டாம். யாத்திராகமம் 22உம் லேவியராகமம் 25உம் ஏழையான சகோதரனைப் பற்றிப் பேசுகின்றன. உபாகமம் 23:19 ஏழை என்ற நிபந்தனை இல்லாமலே, பணமோ தானியமோ எதுவானாலும் சகோதரனிடம் வட்டி வாங்காதே என்கிறது. "தொழிலுக்குத்தானே கொடுத்தேன், அது வேறு" என்ற வாதம் பிற்காலத்தவர் கட்டியது, உபாகமத்தில் அது இல்லை. அந்தச் சட்டத்தை நீங்கள் உங்களுக்கான அளவுகோலாக ஏற்றுக்கொண்டால், வட்டியைக் கேட்பதில் உங்களுக்குச் சங்கடம் இருக்கும். அது உங்கள் மனசாட்சியின் விஷயம்.

ஏழாம் வருடக் கணக்கு மட்டும் சுத்தமாகத் தவறு. உபாகமம் 15இன் விடுதலை வருஷம் தேசம் முழுவதற்கும் ஒரே நேரத்தில் வருவது. புரோநோட்டு எழுதிய தேதியிலிருந்து தனித்தனியாக எண்ணுவதில்லை. எபிரெய அடிமை 6 வருடம் உழைத்து ஏழாவதில் விடுதலையாவது அவனவன் கணக்கு. தம்பி இரண்டையும் கலந்துவிட்டார் போலிருக்கிறது. அதோடு, அந்த அதிகாரம் பேசுவது கொடுக்க வழியில்லாதவனைப் பற்றி. ஏழாம் வருடம் நெருங்குகிறதே என்று எளியவனுக்குக் கடன் மறுக்காதே என்று கொடுப்பவனைத்தான் அது எச்சரிக்கிறது. கையில் வைத்துக்கொண்டே ஏழாம் வருடத்துக்குக் காத்திரு என்று வாங்கியவனுக்கு எங்கேயும் சொல்லவில்லை. கடன் வாங்கித் திருப்பாதவனைச் சங்கீதம் 37 எந்தப் பெயரால் அழைக்கிறது என்பதை நான் இங்கே எழுத வேண்டியதில்லை. 21ஆம் வசனம்.

அண்ணன் சொல்வதற்கு இவ்வளவு இடம் தேவையில்லை. உபாகமம் வட்டி வாங்க அனுமதித்த அந்நியன், வெளிநாட்டிலிருந்து வியாபாரத்துக்கு வந்து போகிறவன். அவனுக்கு இந்தத் தேசத்தில் நிலமும் இல்லை, விடுதலை வருஷக் கடமையும் இல்லை. இஸ்ரவேலர் நடுவில் குடியிருந்த பரதேசியையோ லேவியராகமம் 25 சகோதரனோடு சேர்த்தே பேசுகிறது. சொந்தச் சித்தப்பா மகன் வேறு சபைக்குப் போனதால் அந்நியன் ஆகிவிட்டான் என்றால், ஆள் நஷ்டமாவது உங்கள் குடும்பத்துக்குத்தான்.

வட்டிக்குத் தசமபாகமா?

இதைக் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் கடிதத்தில் குற்ற உணர்ச்சி அதிகம் தெரிவது இந்த இடத்தில்தான். பழைய இஸ்ரவேலின் தசமபாகம் நிலத்தின் விளைச்சலிலும் மந்தையிலும் பத்தில் ஒன்று: தானியம், திராட்சரசம், எண்ணெய், ஆடு, மாடு. ஆலய வேலை செய்த லேவியருக்கு நிலப்பங்கு இல்லை, அதனால் எண்ணாகமம் 18 அதை அவர்களுக்கு ஒதுக்குகிறது. அவர்களும் அதில் பத்தில் ஒன்றை ஆசாரியருக்குக் கொடுக்க வேண்டும். உபாகமம் 14இன் ஏற்பாடு வேறு மாதிரி. குடும்பத்தோடு ஆலயம் இருக்கும் இடத்துக்குப் போய் அந்தத் தசமபாகத்தை நீங்களே சாப்பிட்டுச் சந்தோஷப்படுங்கள், தூரம் என்றால் விற்றுப் பணமாக்கிக்கொண்டு போய் அங்கே ஆடு மாடோ திராட்சரசமோ இஷ்டப்பட்டதை வாங்கிக்கொள்ளுங்கள் என்கிறது. இந்தப் பகுதியை வைத்து யாரும் காணிக்கைப் பிரசங்கம் செய்து நான் கேட்டதில்லை. ஒவ்வொரு மூன்றாம் வருடமும் அதை ஊரிலேயே வைத்து லேவியனுக்கும் பரதேசிக்கும் திக்கற்ற பிள்ளைக்கும் விதவைக்கும் கொடுக்க வேண்டும்.

அம்மா, அந்தப் பட்டியலில் விதவை எந்தப் பக்கம் நிற்கிறாள் என்று பாருங்கள். வாங்குகிற பக்கம்.

தசமபாகத்தைக் கொண்டுவரச் சொல்லும் மல்கியா 3இன் "பண்டசாலை" ஆலயத்தில் தானியமும் எண்ணெயும் அடுக்கிவைத்த நிஜ அறை. அது காலியானால் என்ன ஆகும் என்று நெகேமியா 13 சொல்கிறது: பங்கு வராததால் லேவியரும் பாடகரும் வேலையை விட்டுவிட்டுத் தங்கள் வயல்களுக்குப் போய்விட்டார்கள். அதாவது தசமபாகம் ஓர் ஊதிய ஏற்பாடாகவும் ஏழைகளின் உணவு ஏற்பாடாகவும் இருந்தது. சகோதரனிடம் வாங்கிய வட்டியில் பத்தில் ஒன்றைக் கேட்பது அந்தச் சட்டத்துக்குள்ளேயே பொருந்தாது, அங்கே அந்த வட்டியே தடை செய்யப்பட்டது. உங்கள் அசல் மாட்டிக்கொண்டதற்குக் காரணம் தம்பி கொடுக்கவில்லை என்பது மட்டுமே. நீங்கள் விருப்பத்தோடு காணிக்கை கொடுப்பது உங்கள் உரிமை. பயமுறுத்திக் கேட்பவருக்குக் கொடுக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

அவர்கள் அப்படியே வாழ்ந்தார்களா?

நீங்கள் முதலாவதாகக் கேட்டது இதைத்தான். "நாம்தான் கெட்டுப்போனோமா" என்ற கவலையை விட்டுவிடுங்கள். சட்டம் ஒரு பக்கம் இருக்க, ஆட்கள் நம்மைப் போலத்தான் இருந்தார்கள்.

கி.மு. 8ஆம் நூற்றாண்டில் தெக்கோவாவின் மேய்ப்பன் ஆமோஸ் வடக்கே போய்க் கத்தியது எதைப் பற்றி? ஒரு ஜோடு பாதரட்சைக்காக எளியவனை விற்கிறீர்கள், அடகாக வாங்கிய வஸ்திரத்தை விரித்துப் பலிபீடத்துக்குப் பக்கத்திலேயே படுக்கிறீர்கள், ஓய்வுநாள் எப்போது முடியும் தானியம் விற்கலாம் என்று காத்திருக்கிறீர்கள், மரக்காலைச் சிறிதாக்கி எடைக்கல்லைப் பெரிதாக்குகிறீர்கள். திருப்பிக் கொடுக்கச் சொன்ன அதே வஸ்திரம் ஆலயத்துக்குள்ளேயே பாயாகிவிட்டது. அவர் திட்டிய தந்தக் கட்டில்கள் கற்பனை இல்லை. சமாரியாவில் தோண்டியபோது தந்த வேலைப்பாடுகள் நிறையக் கிடைத்தன. 1910இல் அங்கே கிடைத்த ஓட்டுச் சில்லுகளில் எந்த ஊரிலிருந்து யாருக்கு எவ்வளவு பழைய திராட்சரசம், எவ்வளவு எண்ணெய் வந்தது என்ற கணக்கு மை கொண்டு எழுதியிருக்கிறது.

வஸ்திரம் என்றதும் எனக்குப் பிடித்த ஒரு சாட்சியம் நினைவுக்கு வருகிறது. யவ்னேக்கு அருகே கடலோரக் கோட்டை ஒன்றில் 1960இல் ஓர் எழுத்துச் சில்லு கிடைத்தது. கி.மு. 7ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதி. ஓர் அறுவடைக் கூலியாள் அதிகாரிக்குக் கொடுத்த மனு அது. நான் என் அளவை அறுத்து முடித்துச் சேர்த்துவிட்டேன், சோபாயின் மகன் ஓசாயா வந்து என் வஸ்திரத்தை எடுத்துக்கொண்டான், என்னோடு வெயிலில் அறுத்தவர்கள் எல்லாரும் எனக்காகச் சாட்சி சொல்வார்கள், என் வஸ்திரத்தைத் திருப்பித் தரச் செய்யுங்கள் என்கிறான். ஒரு வசனம்கூட அவன் காட்டவில்லை. என்ன நடந்தது, யார் எடுத்தது, யார் சாட்சி, என்ன வேண்டும் என்று நான்கு விஷயங்களையும் வரிசையாகச் சொல்லியிருக்கிறான். என் ஜூனியர்களுக்கு இதைக் காட்டுவதுண்டு.

விடுதலை என்று அறிவித்துவிட்டுப் பின்வாங்கியதும் உண்டு. பாபிலோன் படை எருசலேமை முற்றுகையிட்டபோது சிதேக்கியா ராஜா உடன்படிக்கை செய்து அடிமைகளை விடுவித்தார். நெருக்கடி கொஞ்சம் விலகியதும் எஜமானர்கள் அவர்களைத் திரும்பப் பிடித்துக்கொண்டார்கள். எரேமியா 34 முழுக்க அந்தக் கோபம்தான்.

பாபிலோன் சிறையிருப்பிலிருந்து திரும்பிய பிறகும் நிலைமை மாறவில்லை. கி.மு. 5ஆம் நூற்றாண்டின் நடுவில் நெகேமியா ஆளுநராக இருக்கும்போது ஜனங்கள் வந்து கூக்குரலிடுகிறார்கள்: பஞ்சத்தில் தானியம் வாங்க வயலையும் வீட்டையும் அடகு வைத்தோம், ராஜாவின் வரியைக் கட்டக் கடன் வாங்கினோம், எங்கள் மகள்கள் சிலர் ஏற்கெனவே அடிமைகள். கடன் கொடுத்தவர்களும் யூதர்களே. நெகேமியா செய்தது கவனிக்க வேண்டியது. நானும் என் ஆட்களும்கூடப் பணமும் தானியமும் கடன் கொடுத்திருக்கிறோம் என்று முதலில் ஒத்துக்கொண்டு, வயலையும் வீட்டையும் வட்டியையும் திருப்பிக் கொடுங்கள் என்று கேட்டு, ஆசாரியர்களை அழைத்து எல்லார் முன்னிலும் ஆணையிட வைத்தார். வாய்வார்த்தையை நம்பாமல் சாட்சியோடு உறுதி வாங்கிய மனிதர்.

ஏறக்குறைய அதே காலத்தில், எகிப்தின் எலிபண்டைன் தீவில் குடியிருந்த யூதப் படைக்குடும்பங்களின் பத்திரங்கள் பாப்பிரஸில் கிடைத்திருக்கின்றன. கி.மு. 456இல் ஒரு யூதப் பெண் இன்னொரு யூதரிடம் 4 சேக்கல் வெள்ளி கடன் வாங்குகிறாள். வட்டி மாதத்துக்கு 5 சதவீதம். கட்டாத வட்டி அசலோடு சேரும்.

சட்டம் கடுமையாக இருந்தால் கடன் கொடுப்பவர்கள் கையை மூடிக்கொள்வார்கள். அதுவும் நடந்தது. கி.மு. முதல் நூற்றாண்டின் பிற்பகுதியில் யூத அறிஞர் ஹில்லேல், ஏழாம் வருடம் வருவதற்கு முன் யாரும் ஏழைக்குக் கடன் தருவதில்லை என்று கண்டு ஒரு வழி செய்தார். கடனைக் கோர்ட்டிடம் ஒப்படைப்பதாக நீதிபதிகள் முன் ஓர் அறிக்கை எழுதிவிட்டால் விடுதலை வருஷம் அந்தக் கடனைத் தொடாது. சாக்கடல் பக்கம் முராபாத் குகையில் கிடைத்த, ரோமப் பேரரசர் நீரோவின் இரண்டாம் ஆண்டைச் சேர்ந்த ஒரு கடன் பத்திரம் இன்னும் நேரடியானது. 20 சூஸ் (வெள்ளிக்காசு) கடன், தவணை தவறினால் ஐந்தில் ஒன்று கூடுதல், "விடுதலை வருஷமாக இருந்தாலும்" திருப்பித் தருவேன் என்று கடன் வாங்கியவரே எழுதிக் கொடுத்திருக்கிறார். தம்பி இதைப் பார்த்தால் வருத்தப்படுவார். அதிலிருந்து பத்து வருடத்தில், கி.பி. 66இல், எருசலேமில் கலகக்காரர்கள் கடன் பத்திரங்கள் இருந்த ஆவணக் காப்பகத்துக்கே தீ வைத்தார்கள். கடனாளிகளைத் தங்கள் பக்கம் இழுக்கத்தான் என்கிறார் அக்கால யூத வரலாற்றாசிரியர் யோசேப்பஸ்.

நிலத்தைத் தரிசாக விடும் ஏழாம் வருடம் நிஜமாகவே கடைப்பிடிக்கப்பட்டதற்குச் சான்று உண்டு. ஜூலியஸ் சீசர் அந்த வருடத்துக்கு யூதேயாவின் வரியைத் தள்ளினார். 50ஆம் வருட யூபிலி முழு அளவில் நடந்ததற்கு அப்படிப்பட்ட சான்று இல்லை.

இனி நீங்கள் செய்யக்கூடியது

வேதவசனம் சிவில் கோர்ட்டில் எதிர்வாதம் ஆகாது. அங்கே பேசுவது புரோநோட்டும் காலவரம்புச் சட்டமும். இங்கேதான் உங்கள் கடிதத்தில் ஒரு தவறான நம்பிக்கை இருக்கிறது. "நோட்டு கையில் இருக்கிறது, எப்போது வேண்டுமானாலும் போடலாம்" என்று எழுதியிருக்கிறீர்கள். முடியாது. கேட்டவுடன் தர வேண்டிய புரோநோட்டுக்கு எழுதிய தேதியிலிருந்து 3 வருடம்தான். காலம் முடிவதற்குள் வட்டி கட்டி, அதைக் கடனாளியே எழுதியோ கையெழுத்திட்டோ வைத்திருந்தால் அந்தத் தேதியிலிருந்து புதிதாக 3 வருடம். உங்களிடம் வருடாவருடம் கையெழுத்து இருப்பதால் தப்பித்தீர்கள். கடைசி வரவு ஏறக்குறைய 2 வருடத்துக்கு முந்தியது என்கிறீர்கள், ஆக மிச்சம் சுமார் ஒரு வருடம். தம்பி ஏழாம் வருடம் வரை இழுத்தடிப்பது வசனத்தை நம்பியா, காலவரம்பை நம்பியா என்று எனக்கு ஒரு சந்தேகம்.

வட்டியைப் பற்றி. 4 வருடத்தில் உங்களுக்கு 3 லட்சத்து 84 ஆயிரம் வந்துவிட்டது, அசலுக்குக் கொஞ்சம்தான் குறைவு. மீதி 2 வருடத்துக்கும் 24 சதவீதம் என்று வழக்குப் போட்டால், எதிர்த்தரப்பு 2003ஆம் ஆண்டு கந்துவட்டித் தடைச் சட்டத்தைக் கிளப்பும், உங்களை வட்டித் தொழில் செய்பவர் என்று காட்டப் பார்க்கும். ஒரே ஓர் உறவினருக்குக் கொடுத்த கடன் தொழில் ஆகாது என்று நாம் வாதாடலாம், ஆனால் அலைச்சல். கோர்ட்டும் வட்டியைக் குறைக்கக்கூடும். என் யோசனை, அசல் 4 லட்சத்தைக் கேளுங்கள், பாக்கி வட்டியை விட்டுத்தருவதாகச் சொல்லுங்கள். தம்பி காட்டிய வசனத்தை நீங்கள் முழுதாக ஒப்புக்கொண்டதாகவும் ஆகும், அவருக்கு அடுத்த சாக்கும் இருக்காது.

முதலில் குடும்பப் பெரியவர் ஒருவரை வைத்துப் பேசுங்கள். அண்ணன் வேண்டாம். மாதத் தவணைக்கு ஒத்துக்கொண்டால் அசல் பாக்கி இவ்வளவு என்று தேதியோடு எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள், அதிலிருந்து புதிய 3 வருடம் ஓடும். பேச்சு நிற்காது என்று தோன்றினால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனுக் கொடுத்து மக்கள் நீதிமன்றத்தில் சமரசம் செய்யலாம். அங்கே பதிவாகும் உடன்பாடு கோர்ட் தீர்ப்புக்குச் சமம், கட்டணமும் இல்லை. இவற்றுக்கு 4 மாதத்துக்கு மேல் கொடுக்காதீர்கள். அசையவில்லை என்றால் வக்கீல் நோட்டீஸ், பிறகு வழக்கு.

புரோநோட்டின் அசலைத் தம்பியிடமோ சமரசம் பேசுபவரிடமோ கொடுக்காதீர்கள், இருபக்கமும் ஜெராக்ஸ் எடுத்துக் கொடுங்கள். நோட்டீஸை அவர் வாங்க மறுத்துக் கவர் திரும்பி வந்தால் பிரிக்காமல் அப்படியே எடுத்து வையுங்கள், வழக்கில் தேவைப்படும்.